எழுதியவரே முதல் எடிட்டர்

தமிழில் ஒரு நாவல் புத்தகமாகும் வழியைப் பாருங்கள். எழுதியவர் மடிக்கணினியிலோ கைபேசியிலோ தட்டச்சு செய்த கோப்பைப் பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார். அங்கே ஒருவர் அதைப் பக்கங்களாக வடிவமைக்கிறார். இன்னொருவர் மெய்ப்புப் பார்க்கிறார். ஒற்று விட்டுப்போன இடம், எழுத்து மாறிய இடம், இரண்டு முறை விழுந்த சொல் எல்லாம் சரியாகின்றன. அட்டைப்படம் தயாராகிறது. பிறகு அச்சகம். இந்த வரிசையில் எந்த இடத்திலும் யாரும் எழுத்தாளரை அழைத்து, "உங்கள் நான்காம் அத்தியாயம் எதற்கு? அதை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன குறையும்?" என்று கேட்பதில்லை. எல்லாப் பதிப்பகங்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலானவை இப்படித்தான். தனியாக ஓர் எடிட்டருக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சிடும் தொழிலில் அது பொய்யும் அல்ல.

ஆகவே அந்த நான்காம் அத்தியாயக் கேள்வியை எழுதியவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் புத்தகத்துக்கு ஆசைப்படும் பலருக்கு எழுதத் தெரிகிறது. கதை இருக்கிறது, சொல்ல வேண்டிய வாழ்க்கை இருக்கிறது, ஊரும் மனிதர்களும் இருக்கிறார்கள். எழுதியதை மறுபடி எடுத்து, அது வேறொருவர் எழுதியது என்பது போலப் படிக்கும் பழக்கம்தான் இல்லை. அதை யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. பள்ளியில் கட்டுரை எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், அதோடு முடிந்தது. அதே கட்டுரையைத் திருத்தி இரண்டாம் முறை எழுதிக் கொண்டுவரச் சொன்ன ஆசிரியர் அமையப் பெற்றவர்கள் மிகக் குறைவு.

எடிட்டிங் என்பது தமிழில் இல்லவே இல்லாத ஒன்றும் அல்ல. 1974-ல் தொடங்கப்பட்ட க்ரியா பதிப்பகத்தின் எஸ். ராமகிருஷ்ணன், எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியைச் செம்மைப்படுத்துவதைத் தன் வாழ்நாள் வேலையாகவே செய்தார். பூமணியின் 'வெக்கை', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' போன்ற நாவல்கள் அங்கிருந்து வந்தவை. தற்காலத் தமிழுக்கு ஓர் அகராதி வேண்டும் என்று 1992-ல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தவரும் அவரே. அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020-ம் ஆண்டிலேயே அவர் காலமானார். அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். அவர் போன்றவர்கள் ஒரு பிரதியிடம் என்னென்ன கேட்பார்களோ, அவற்றை நாம் கற்றுக்கொள்ள முடியும்.

எழுத்தாளர்களிலும் காத்திருக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்கள் வெளிவந்த ஆண்டுகள் 1966, 1981, 1998. மௌனி தம் வாழ்நாளில் எழுதியவை 24 சிறுகதைகள்தான். புதுமைப்பித்தன் இவர்களுக்கு நேர் எதிர். பத்திரிகை வேலையின் நெருக்கடியில் மளமளவென்று எழுதியவர். ஆனாலும் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ல் வெளிவந்த புதுமைப்பித்தன் கதைகள் தொகுப்பின் பாடவேறுபாடுகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு கதை இதழில் வந்தபோது எப்படி இருந்தது, நூலாக வந்தபோது எங்கே மாறியது என்று அதில் குறித்திருக்கிறார்கள். எழுதக் கற்பவருக்கு அந்தப் பக்கங்கள் ஒரு பயிற்சி நூல் போலப் பயன்படும்.

பவணந்தி வைத்துப் போன அளவுகோல்

எடிட்டிங் பற்றி ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதில் தவறில்லை. அதற்கு முன்பாக, நம் வீட்டிலேயே இருக்கும் ஒன்றை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். 13-ம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலில் இருக்கக் கூடாத குற்றங்கள் பத்து, இருக்க வேண்டிய அழகுகள் பத்து என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தக் குற்றங்களில் சில அதற்கு முன்பே தொல்காப்பிய மரபியலிலும் பேசப்பட்டவை. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோம். இலக்கண நூல்களை மனத்தில் வைத்துச் சொன்னதாக இருந்தாலும், இன்று எழுதும் நாவலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. திருத்த உட்காரும்போது மேசையில் அந்தப் பட்டியல் இருந்தால் வேறு வழிகாட்டி தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

பத்தில் 'கூறியது கூறல்' நம்மிடம் மிக அதிகமாகக் காணப்படும் குற்றம். ஒரே சொல்லை இரண்டு முறை எழுதுவது கண்ணில் பட்டுவிடும். ஒரே உணர்ச்சியை மூன்று விதமாகச் சொல்வது கண்ணில் படாது. அவள் அழுதாள் என்று சொல்லி, அவள் துக்கம் எவ்வளவு பெரியது என்று விளக்கி, உலகில் தாயின் துக்கம் எப்படிப்பட்டது என்று ஒரு பொதுக் கருத்தும் சேர்த்துவிடுகிறோம். வாசகர் முதல் வரியிலேயே புரிந்துகொண்டு காத்திருக்கிறார். தொடர்கதையாக எழுதிப் பழகியவர்களிடம் இது இன்னும் அதிகம். 1950-ல் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது, ஒரு வாரம் விட்டு அடுத்த வாரம் படிப்பவருக்கு முன்கதையை நினைவூட்ட வேண்டிய தேவை இருந்தது. இன்று பிரதிலிபி போன்ற தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவர்களுக்கும் அந்தத் தேவை உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிகிறது, அடுத்தது பழைய செய்தியோடு தொடங்குகிறது. புத்தகத்தில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பக்கம் திருப்பும் நேரம்தான். தொடரைப் புத்தகமாக்கும்போது அந்த நினைவூட்டல்கள் எல்லாம் வெளியேற வேண்டும். அப்படியே அச்சுக்குப் போன நாவல்கள் எத்தனையோ.

'சென்று தேய்ந்து இறுதல்' இன்னொன்று. வலுவாகத் தொடங்கிய கதை போகப் போக மெலிந்து போவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவு அல்ல. முதல் அத்தியாயத்தை முப்பது முறை திருத்தியிருப்போம். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் முதல் பக்கத்திலிருந்து படித்து வருவதால் அது மெருகேறிக்கொண்டே இருக்கும். கடைசி ஐந்து அத்தியாயங்களை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். இதற்கு எளிய வழி, ஒரு சுற்றுத் திருத்தத்தைக் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது. கதையோட்டம் நம்மை இழுத்துச் செல்லாது என்பதால் ஒவ்வொரு வாக்கியமும் தனியாகத் தெரியும்.

'மற்றொன்று விரித்தல்' பற்றி ஒரு வரி போதும். திரட்டிய தகவல் அத்தனையையும் கதைக்குள் கொட்டும் ஆசை அது. அதை அடக்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு பத்தி, இரண்டு வடிவம்

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு பத்தியைத் திருத்திக் காட்டுவது பயன்படும். இதற்கென்றே எழுதிய மாதிரி இது:

"அந்த மாலை நேரத்தில் சூரியன் மேற்கே மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருந்தது. அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் மக்கள் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. மிகுந்த சோகத்துடன் நின்றுகொண்டிருந்த பார்வதியின் கண்கள் குளமாயின. தன் மகன் இனி திரும்பி வரவே மாட்டான் என்ற உண்மை அவளை வாட்டி வதைத்தது. அவன் ஏறிச் சென்ற பேருந்து மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் இதைத் தொடாமல் கடந்துபோவார். ஐந்து வாக்கியங்களில் நான்கு 'கொண்டிருந்த'கள் இருக்கின்றன. சூரியன் மேற்கே மறைவதில் புதிதாக ஒன்றும் இல்லை. கூட்டம் எந்தப் பேருந்து நிலையத்திலும் அலைமோதும். அருப்புக்கோட்டை என்று பெயர் சொன்னதால் அருப்புக்கோட்டை வந்துவிடவில்லை. கண்கள் குளமாவதும் துயரம் வாட்டி வதைப்பதும் ஆயிரம் கதைகளில் புழங்கித் தேய்ந்தவை. மகன் திரும்பி வர மாட்டான் என்பதை எழுதியவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அதை வாசகர் தானாக உணர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுப் போயிருக்க மாட்டார்.

திருத்திய வடிவம்: "மதுரை பஸ் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. பார்வதி அதே தூணருகே நின்றாள். மகனுக்கென்று வாங்கிய தண்ணீர் பாட்டில் அவள் கையிலேயே இருந்தது."

மூன்று வாக்கியங்கள். சோகம் என்ற சொல்லே இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது வெட்டியதை அல்ல, சேர்த்ததை. தண்ணீர் பாட்டில் முதல் வடிவத்தில் கிடையாது. திருத்துவது என்றால் வெட்டுவது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பவணந்தியின் பட்டியலில் 'மிகைபடக் கூறல்' எவ்வளவு பெரிய குற்றமோ அதே அளவுக் குற்றம் 'குன்றக் கூறல்'. எழுதியவர் மனத்தில் அந்தக் காட்சி முழுமையாக இருக்கிறது. தாளில் பாதிதான் இறங்கியிருக்கிறது. நமக்குத் தெரிவதால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். திருத்தும்போது ஒவ்வொரு முக்கியக் காட்சியிலும், அந்த மனிதரின் கையில் என்ன இருந்தது, அவர் எங்கே நின்றார், எதைப் பார்த்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உணர்ச்சியின் பெயரை எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் அப்போது போய்விடும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை இந்தக் கண்ணோடு ஒரு முறை படித்துப் பாருங்கள். உரக்கப் பேசாத வாக்கியங்களாலேயே ஒரு நகரத்தின் தவிப்பு முழுவதும் நம் மேல் இறங்கிவிடுகிறது.

தமிழ் வாக்கியத்தின் கண்ணிகள்

சில சறுக்கல்கள் நம் மொழிக்கே உரியவை. ஆங்கிலக் கையேடுகள் அவற்றைச் சொல்லித்தர முடியாது. "நேற்று துபாயிலிருந்து வந்த முருகேசனின் மனைவி கடைக்கு வந்தாள்" என்று எழுதுகிறோம். துபாயிலிருந்து வந்தது முருகேசனா, மனைவியா? பெயரெச்சத்தைத் தொடர்ந்து இரண்டு பெயர்கள் வந்தாலே இந்தக் குழப்பம் எட்டிப் பார்க்கும். 'மயங்க வைத்தல்' என்று பவணந்தி சொன்னது இதைத்தான். வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிட்டால் தீர்ந்தது. அடுத்து வினையெச்சச் சங்கிலி: வந்து, பார்த்து, திகைத்து, யோசித்து, முடிவு செய்து என்று ஐந்தாறு எச்சங்கள் கோத்து ஒரு வினைமுற்றில் முடிப்பது. நடுவில் எங்கோ எழுவாய் மாறிவிடும், அது எழுதியவருக்கே தெரியாது.

ஒற்று விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். 'வேலை தேடினான்' என்றால் உத்தியோகம், 'வேலைத் தேடினான்' என்றால் முருகன் கையில் இருப்பது. சந்திப்பிழையைக் காட்ட 'நாவி', எழுத்துப்பிழையைக் காட்ட 'வாணி' என்று நீச்சல்காரன் உருவாக்கிய மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பயன்படுத்துங்கள். அ.கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' இன்றும் துணைக்கு வரும். ஆனால் வேலை அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பிழையே இல்லாத, உயிரும் இல்லாத பக்கங்களை நிறையப் பார்க்கிறோம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மொத்தப் பிரதியையும் கொடுத்துச் சரிசெய்யச் சொல்பவர்களும் இப்போது வந்துவிட்டார்கள். ஒரு கிழவியின் கரிசல் பேச்சை அது பாடநூல் தமிழாக மாற்றித் தந்துவிட்டால், அதைக் கண்டுபிடிக்கவும் எழுதியவரின் காதுதான் தேவைப்படும்.

'போலீஸாரால் விசாரணை மேற்கொள்ளப்பட்டது' போன்ற வாக்கியங்கள் அலுவலகத்திலிருந்தும் மொழிபெயர்ப்பிலிருந்தும் நமக்குள் நுழைந்தவை. போலீஸார் விசாரித்தார்கள். அவ்வளவுதான். கணினியில் தேடும் வசதியைக் கொண்டு 'பட்டது', 'கொண்டிருந்த', 'திடீரென்று', 'ஏதோ ஒருவித', 'சற்றே' ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் இப்படிக் கை தானாகப் போய் விழும் சொற்கள் சில உண்டு. அவை எவை என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

உரையாடலில் வேறு விதமான கவனம் வேண்டும். திருநெல்வேலிக்காரர் ஒரு பக்கத்தில் 'வந்தாவ' என்றும், அடுத்த பக்கத்தில் 'வந்தாங்க' என்றும் பேசினால் அந்த மனிதரே கலைந்துபோகிறார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களுக்கும் அகராதி தொகுத்தது எவ்வளவு உழைப்பு! அந்த அளவு நம்மால் முடியாது. நம் கதைக்கு மட்டும், யார் எந்தச் சொல்லை எப்படிச் சொல்வார் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள முடியும். கூடவே, 'என்று ஆச்சரியத்துடன் கேட்டான்', 'என்று கோபத்துடன் கத்தினாள்' என்ற ஒட்டுகளைப் பாருங்கள். பேச்சிலேயே கோபம் இருந்தால் ஒட்டு தேவையில்லை. பேச்சில் இல்லாத கோபத்தை ஒட்டு கொண்டுவந்து சேர்க்காது.

அழகுகள் பத்தில் ஒன்று 'உலகம் மலையாமை'. உலக நடப்போடு முரண்படாமல் எழுதுவது. 1990-ல் நடக்கும் கதையில் நாயகன் செல்போனில் பேசினால் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்; இந்தியாவில் அந்தச் சேவை வந்ததே 1995-ல்தான். ஆற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் தஞ்சை வயலில் சித்திரையில் குறுவை நடவு நடக்காது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆடியில் கல்யாணம் வைக்கும் கிராமத்து வீட்டைக் காட்டினால், ஏன் வைத்தார்கள் என்ற காரணமும் கதையில் இருக்க வேண்டும். பாத்திரங்களின் பிறந்த ஆண்டு, கதை நடக்கும் மாதம், அப்போது பெய்யும் மழை, விளையும் பயிர் இவற்றைத் தனித் தாளில் எழுதி, ஒரு சுற்று இதற்காக மட்டுமே படியுங்கள்.

ஆறப் போடுவதும் உரக்கப் படிப்பதும்

எழுதி முடித்த அன்றே திருத்த உட்காருவது வீண். சமைத்துக்கொண்டே ருசி பார்த்தவருக்கு உப்பு தெரியாமல் போவது போல, எழுதியவருக்கும் தன் வாக்கியம் தெரியாமல் போய்விடும். சிறுகதை என்றால் சில வாரங்கள், நாவல் என்றால் இரண்டு மூன்று மாதங்கள் கண்ணில் படாமல் வைத்திருங்கள். அந்த நாட்களில் வேறு எழுதலாம், படிக்கலாம். திரும்ப எடுக்கும்போது திரையில் படிக்காமல் அச்செடுத்துப் படியுங்கள். முதல் முறை பேனாவைத் தொடாமல் வாசகராகப் படித்து முடித்துவிட்டு, இரண்டாம் முறை திருத்துவது நல்லது. நடுவில் எங்கே மனம் வேறு எங்கோ போகிறது என்பதை முதல் வாசிப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு உரக்கப் படியுங்கள். நம்முடையது காதால் வளர்ந்த இலக்கியம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரமே சொல்கிறது. அவையில் படித்துக்காட்டி, கேள்விகளுக்கு விடை சொல்லிய பிறகே நூல் ஊருக்குள் போயிற்று. 'ஓசையுடைமை' என்ற அழகு செய்யுளுக்கு மட்டும் சொன்னதல்ல. மூச்சு முட்டும் வாக்கியம், நாக்கு தடுக்கும் சேர்க்கை, யாரும் பேசவே மாட்டாத வசனம் மூன்றும் வாய்விட்டுப் படிக்கும்போது தப்பிக்க முடியாது. தொண்டை ஒத்துழைக்காதவர்களுக்கு, கைபேசியே தமிழை வாசித்துக் காட்டும் வசதியும் வந்துவிட்டது.

அதங்கோட்டாசான் போல ஒருவரும் நமக்கு வேண்டும். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய 'காகங்கள்' போன்ற கூட்டங்கள் இளம் எழுத்தாளர்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்தன. இன்று உங்கள் ஊர் நூலகத்திலோ வாசகர் வட்டத்திலோ இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் மேல் பிரியம் உள்ளவர்களைவிட, நிறையப் படிப்பவர்கள் நல்லவர்கள். "எப்படி இருக்கிறது?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எதை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது, யாருடைய பெயர் மறந்துபோனது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தீர்வை ஏற்க வேண்டியதில்லை. அவர்கள் தடுக்கி விழுந்த இடத்தை மட்டும் மறுக்காதீர்கள்.

பதிப்பாளர்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அட்டையை வடிவமைத்தவர் பெயரைப் புத்தகத்தின் உள்பக்கத்தில் போடுகிறீர்கள். பிரதியைச் செம்மைப்படுத்தியவர் பெயரையும் போடுங்கள். பெயர் வரும் என்றால் அந்த வேலைக்கு ஆட்கள் வருவார்கள், போடப் பெயர் இல்லாத பதிப்பகத்துக்குக் கொஞ்சம் கூச்சமும் வரும்.

1977-லிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சி, தமிழில் புத்தகங்கள் பிறக்கும் மாதமாக ஜனவரியை ஆக்கிவிட்டது. அது நல்ல விஷயம். அதற்குள் தன் புத்தகமும் வந்துவிட வேண்டும் என்று நவம்பரில் எழுதி முடித்து, டிசம்பரில் அச்சுக்கு அனுப்புகிறார்களே, அதுதான் பல முதல் புத்தகங்களைக் கெடுக்கிறது. ஐம்பது பிரதிகூட அச்சிட முடிகிற இந்தக் காலத்தில் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. ஆகவே முதல் புத்தகத்தோடு நிற்கும் நண்பர்களே, அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் முழுப் பிரதியையும் அச்செடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு முறை உரக்கப் படித்துவிடுங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால், அந்தப் புத்தகம் இந்த ஜனவரியில் வர வேண்டாம்.